கடற்கரைக்குப் புறப்படுமுன் கடலைப் பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் போதும். "அப்பா, பீச்சுக்குப் போகலாம்" என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிப்பார்கள்.

மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் குடியிருப்பவர்களுக்கு இது பெரிய காரியம் அல்ல. நடந்தே போய்விடுவார்கள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்கு அப்படி முடியுமா? ஆவடியில் இருந்து மெரினாவுக்குச் சாலை வழியாகச் சுமார் 25 கிலோ மீட்டர் தூரம். வாரம் முழுவதும் தொழிற்பேட்டையில் வேலை. கிடைப்பது ஒரே ஒரு நாள். அந்த நாளிலும் பாதிப் பொழுது பாடியிலோ கோயம்பேட்டிலோ வண்டிக்குள் உட்கார்ந்தே கழிந்தால் என்ன சுகம்?

வீட்டில் இருந்தபடியே சாலையையும் கடலையும் பார்த்துவிட்டுப் புறப்பட முடியுமா? முடியும். கையில் உள்ள செல்போன் போதும். ஆனால், எதை நம்புவது, எதை நம்பக்கூடாது என்பது தெரிந்திருக்கவேண்டும்.

காப்பியில் தொடங்கிய கதை

தூரத்தில் நடப்பதை அப்போதைக்கப்போதே படமாகக் காட்டும் காமிரா எப்படிப் பிறந்தது தெரியுமா? ஒரு காப்பிப் பாத்திரத்தால்!

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் கூடத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு காப்பிப் பாத்திரம் இருந்தது. காப்பி குடிக்கலாம் என்று தூரத்து அறைகளில் இருந்து எழுந்து வருவார்கள். வந்து பார்த்தால் பாத்திரம் காலியாக இருக்கும்! வீண் நடை எதற்கு என்று 1991-ம் ஆண்டு பாத்திரத்துக்கு எதிரே ஒரு காமிராவை வைத்தார்கள். அவரவர் இடத்தில் இருந்தபடியே காப்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். 1993-ல் அந்தப் படம் இணையத்திலும் வந்தது. உலகமே பார்த்தது.

அதே யோசனைதான் பிறகு கடற்கரைக்கும் போயிற்று. அமெரிக்காவில் கலிபோர்னியா கடற்கரைகளில் அலை மீது பலகை வைத்துச் சறுக்கி விளையாடுகிறவர்கள், இன்று அலை எப்படி இருக்கிறது என்று காமிராவில் பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள்.

நம் மெரினாவிலும் போலீசாரின் காமிராக்கள் உண்டு. அவை போலீசாரின் கண்காணிப்புக்காக வைக்கப்பட்டவை. செல்போனில் "நேரலை" என்று வரும் படங்களை உடனே நம்பிவிடாதீர்கள். பழைய படத்தையே திரும்பத் திரும்ப ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஜன்னல் வழியாக வெளியே பாருங்கள். உங்கள் ஊரில் இருட்டிவிட்டது, படத்தில் வெயில் அடிக்கிறது என்றால் அது இன்றைய படம் அல்ல!

சிவப்புக் கோடு என்ன சொல்கிறது?

காமிரா இல்லாவிட்டால் என்ன? சாலையைக் காட்டுவதற்குச் செல்போன் வரைபடம் இருக்கிறது. பச்சைக் கோடு என்றால் வண்டி தாராளமாக ஓடுகிறது. ஆரஞ்சு என்றால் மெதுவாகப் போகிறது. சிவப்பு என்றால் நெரிசல்.

இது எப்படித் தெரிகிறது? சாலையில் போகிறவர்களின் செல்போன்கள்தான் தகவல் தருகின்றன. பல போன்கள் ஒரே இடத்தில் ஊர்ந்தால் அங்கே கோடு சிவப்பாகிறது.

ஆனால், ஒன்றை மறக்கக்கூடாது. வரைபடம் காட்டும் நிறம் இந்த நிமிடத்தின் நிறம். நீங்கள் ஆவடியில் இருந்து கடற்கரை போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அதற்குள் பச்சை சிவப்பாகிவிடும். ஆகவே, ஒரு முறை பார்த்தால் போதாது. முந்திய ஞாயிறு அதே நேரத்தில் பார்த்து வையுங்கள். எத்தனை மணிக்குப் புறப்பட்டால் எவ்வளவு நேரம் ஆகும் என்று வரைபடத்திலேயே கேட்கவும் வசதி உண்டு.

மெரினாதான் கடற்கரை என்பது இல்லை. சொந்த வண்டி இருப்பவர்கள் நகரத்துக்குள் நுழையாமலே கடலைப் பார்க்கலாம். மீஞ்சூரில் இருந்து வண்டலூர் வரை செல்லும் வெளிவட்டச் சாலை, ஆவடி, பூந்தமல்லிப் பக்கமாகத்தான் போகிறது. வண்டலூர் போய், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் சேரலாம். கோவளம் கடற்கரை 2021-ல் "நீலக் கொடி" என்னும் சர்வதேசச் சான்று பெற்றது. கிலோ மீட்டர் அதிகம். ஆனாலும், மாநகர நெரிசல் இல்லை.

பறக்கும் ரெயில் இருக்கிறதே!

சாலையில் சிவப்புக் கோடு தெரிந்தால் கவலை வேண்டாம். ஆவடி, அம்பத்தூர்க்காரர்களுக்கு மின்சார ரெயில் இருக்கிறது. சென்டிரலில் இறங்கி, எதிரே உள்ள பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரெயில் ஏறுங்கள். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் ஆகிய மூன்று நிலையங்களில் எதில் இறங்கினாலும் நடந்து கடற்கரைக்குப் போய்விடலாம்.

பூந்தமல்லிக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மெட்ரோ ரெயிலின் இரண்டாம் கட்டத்தில் ஒரு பாதை கலங்கரை விளக்கத்தையும் பூந்தமல்லியையும் இணைக்கிறது. நீளம் சுமார் 26 கிலோ மீட்டர். முழுப் பாதையும் திறந்திருக்கும் நாளில், பூந்தமல்லியில் ஏறிக் கடல் ஓரத்தில் இறங்கலாம்.

போவது சுலபம், திரும்புவது கஷ்டம்

2024-ம் ஆண்டு அக்டோபர் 6-ந்தேதி மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி நடந்தது. லட்சக்கணக்கான மக்கள் திரண்டார்கள். கொளுத்தும் வெயில். பகல் 1 மணி அளவில் நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். சாலைகள் அடைத்துக்கொண்டன. ரெயில் நிலையங்களில் கால் வைக்க இடம் இல்லை. அன்று 5 பேர் உயிர் இழந்தார்கள்.

போகும்போது ஒவ்வொருவராகப் போகிறோம். திரும்பும்போது எல்லோரும் சேர்ந்து திரும்புகிறோம். இதுதான் நெரிசலின் ரகசியம். ஆகவே, புறப்படும் நேரத்தை மட்டும் திட்டமிட்டால் போதாது. திரும்பும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். காணும் பொங்கல் போன்ற நாட்களில் கைக்குழந்தையுடனும் வயதானவர்களுடனும் போவதைத் தவிர்த்து, வேறொரு நாள் போகலாம்.

படத்தில் தெரியாத ஆபத்து

சாலையைப் பார்த்தாயிற்று. கூட்டத்தையும் பார்த்தாயிற்று. கடல்? இங்கேதான் படத்தை நம்பக்கூடாது.

2024-ம் ஆண்டு மே 6-ந்தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவ-மாணவிகள் 5 பேரை அலை இழுத்துச் சென்றது. ஐவரும் இறந்தார்கள். அன்று புயல் இல்லை. காரணம் "கள்ளக்கடல்". எங்கோ ஆயிரக்கணக்கான கிலோ மீட்டருக்கு அப்பால், தென் இந்தியப் பெருங்கடலில் வீசும் புயல் காற்று எழுப்பும் அலைகள், பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. திருடனைப் போலச் சத்தம் இல்லாமல் வருவதால் கேரள மீனவர்கள் இட்ட பெயர் அது.

அந்த அலைகளைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது! ஐதராபாத்தில் உள்ள "இன்காய்ஸ்" என்னும் மத்திய அரசின் கடல் தகவல் மையம் அலைகளைக் கணித்து எச்சரிக்கை விடுகிறது. அதை யார் வேண்டுமானாலும் செல்போனில் இலவசமாகப் பார்க்கலாம். அது மீனவர்களுக்கு மட்டும் உரியது அல்ல, உங்களுக்கும்தான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அலைகள் கரைக்குத் தள்ளும் தண்ணீர் திரும்பிப் போகவேண்டும் அல்லவா? அது சில இடங்களில் குறுகிய வாய்க்கால் போலச் சேர்ந்து கடலுக்குள் வேகமாக ஓடும். அந்த இடத்தில் அலை குறைவாக, அமைதியாகத் தெரியும். காமிராவில் பார்த்தாலும், கரையில் நின்று பார்த்தாலும், "இங்கே இறங்கலாம்" என்றே தோன்றும். அதுதான் ஆளை இழுக்கும் இடம்!

அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக்கூடாது. களைத்துப் போவீர்கள். மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேட்கவேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பில் இருந்து விலகவேண்டும். கரையில் நிற்பவர்கள் தண்ணீரில் குதிக்காமல், கயிறு, காற்றடைத்த டியூப் போன்ற மிதக்கும் பொருளை வீசவேண்டும். உடனே 112-க்குப் போன் செய்யவேண்டும். மெரினாவில் கடல் சட்டென்று ஆழமாகும். குளிப்பதற்குப் போலீசார் தடை விதித்திருப்பது அதனால்தான்.

அதிகாலையே நல்லது

இவ்வளவும் பார்க்கப் பொழுது இல்லை என்கிறீர்களா? அப்படியானால் ஒரு சுலபமான வழி. மாலையில் போகாமல் அதிகாலையில் போங்கள். சாலை காலியாக இருக்கும். வெயில் இராது. நம் கடலில் சூரியன் மறைவதில்லை, உதிக்கிறது. அந்தக் காட்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கடற்கரைக்கு மற்றவர்கள் புறப்படும்போது நீங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டு இருக்கலாம்.

எந்த நேரம் போனாலும் சரி, தண்ணீர் ஓரத்தில் நிற்கும்போது செல்போனைப் பைக்குள் போடுங்கள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே எந்தக் காமிராவும் உங்கள் கண்ணுக்கு ஈடு ஆகாது.