90 டிகிரியில் ஒரு காத்திருப்பு

சிங்கப்பூரில் விறகு போட்டு மண்பாண்டம் சுடும் டிராகன் சூளைகள் இரண்டுதான் மிச்சம். இரண்டும் மேற்கே, ஜாலான் பஹார் பக்கம். அவற்றில் தௌ குவாங் சூளை 1940இல் கட்டியது. அங்கே தீயின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து ஆள் மாற்றி ஆள் விறகு தள்ள வேண்டும். தீவின் கிழக்கு முனையில், பாசிர் ரிஸில் இருப்பவருக்கு அது ரொம்ப தூரம், மின்சூளைதான் தோது. சின்னச் சூளை என்றால் 13 ஆம்பியர் பிளக்கே போதும், 3 கிலோவாட் வரை தாங்கும்.

தீயைப் பார்த்துக் காவல் இருக்கிற வேலையை மின்சூளையில் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அது கேட்பது மூன்று எண்கள்: மணிக்கு எத்தனை டிகிரி ஏறணும், எதுவரை, அங்கே எவ்வளவு நேரம் நிற்கணும்.

புதிதாகப் பழகுபவர்களின் கண் உச்ச வெப்பத்தின் மேலேயே இருக்கும். பானை உடைவதோ பெரும்பாலும் அடிவாரத்தில், குறைந்த வெப்பத்தில். இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். பாசிர் ரிஸில் கடல் வேறு பக்கத்தில். அலமாரியில் வாரக்கணக்கில் காய்ந்த பானையிலும் ஈரம் ஒளிந்திருக்கும். 100 டிகிரியை அவசரமாகத் தாண்டினால் அந்த ஈரம் ஆவியாகி ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். வெளியேற வழியில்லாமல் தடித்த அடிப்பாகம் வெடிக்கும். சில்லுகள் பக்கத்துப் பானைகளையும் பதம் பார்க்கும். தேக்காவில் பொங்கலுக்கு வாங்குகிற பானைபோல் சுவர் மெலிதாக இருந்தால் பயம் குறைவு.

ஆகவே முதல் வரியை இப்படிப் போடலாம்: மணிக்கு 60 டிகிரி, 90 வரை, 3 மணி நேரம் நிறுத்தம். தடித்த சிலை என்றால் இரவு முழுக்க. மூடியின் துளை திறந்தே இருக்கட்டும். ஒரு கண்ணாடித் துண்டைத் துளைக்கு நேரே காட்டுங்கள். பனி படிந்தால் ஈரம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

அதோடு தண்ணீர்க் கதை முடியவில்லை. களிமண்ணின் மூலக்கூறுகளிலேயே பிணைந்த நீர் ஒன்று உண்டு. தூய வெண்களிமண்ணின் எடையில் அது சுமார் 14 சதவீதம். ஏறக்குறைய 450 முதல் 600 டிகிரிக்குள் கழன்றுபோகும். அது போனபின் மண்ணை ஊறவைத்து மறுபடி பிசைய முடியாது. இடையில் 573இல் குவார்ட்ஸ் படிகம் சட்டென்று விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். ஆறிவிட்டதா என்று மூடியைத் தூக்கிப் பார்க்கிற ஆசைக்குப் பலியாகும் தட்டுகள் ஏராளம்.

சுமார் 1,000 டிகிரியில் முதல் சுடல் முடியும். பிறகு மெருகு பூசி இரண்டாம் சுடல். இங்கே உச்ச எண்ணை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். மெருகு உருகுவதற்கு வெப்பமும் வேண்டும், நேரமும் வேண்டும். அந்த இரண்டையும் சேர்த்து அளக்கத்தான் சூட்டில் வளைகிற ஆர்ட்டன் கூம்புகள். கடைசி 100 டிகிரியை மணிக்கு 60 வீதம் ஏறினால் 6ஆம் எண் கூம்பு 1,222இல் வளையும். 150 வீதம் ஏறினால் 1,243 வரை போக வேண்டும்.

திரையில் 150 என்று போட்டாலும் பழைய கம்பிச்சுருளால் அந்த வேகத்தில் ஏற முடியாது. பெட்டி பொறுமையாகக் காத்திருக்கும். மெருகு அதற்குள் அளவுக்கு மிஞ்சி வெந்து வழிந்து, பானையைச் சூளைத் தட்டோடு ஒட்டிவிடும். அதனால் என்னதான் நவீனப் பெட்டி என்றாலும், பானைக்குப் பக்கத்தில் ஒரு கூம்பை நிறுத்தி வைத்து, அது வளைந்த அளவைப் பார்த்து அடுத்த தடவைக்கு எண்ணைத் திருத்துங்கள்.