ஸ்டியரிங் ஆடுகிறதா? மலை இறங்குமுன் பாருங்கள்

பண்டாரவளையிலிருந்து எல்ல வழியாக வெல்லவாயவுக்குச் செல்லும் வீதி, நாற்பது கிலோமீற்றருக்குள் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு இவ்வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் உயிரிழந்தனர். இத்தகைய பாதையில் சாரதிக்குத் துணை இரண்டு: பிரேக்கும் ஸ்டியரிங்கும். பிரேக்கைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். ஸ்டியரிங் பாகங்களோ கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. சாரதியின் கையும் அந்த ஆட்டத்துக்குப் பழகிவிடுகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இடம்பெயர்ந்து புதிய காணியில் குடியேறிய குடும்பத்துக்குச் சந்தையும் பாடசாலையும் வைத்தியசாலையும் தூரமாகிவிடுகின்றன. கையிலுள்ள பணத்தைத் திரட்டிப் பழைய வான் ஒன்றையோ சிறிய லொறியையோ வாங்கி, மரக்கறியை கெப்பெட்டிப்பொலைக்கு ஏற்ற நினைப்பது இயல்பு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்பட்டாலும், வரியோடு சேர்த்துப் புதிய வாகனத்தின் விலை நமக்கு எட்டாதது. ஆகவே பழைய வாகனத்தைப் பார்த்து வாங்கவும் பேணவும் அறிந்திருப்பது அவசியம்.

எங்கே தேய்கிறது?

ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அதன் தண்டு, கீழேயுள்ள பொக்ஸையோ ரெக்கையோ அசைக்கிறது. அங்கிருந்து டை ரொட் எனும் கம்பிகள் முன் சில்லுகளைத் திருப்புகின்றன. கம்பியின் முனையில் இருப்பது டை ரொட் எண்ட். கிண்ணத்துக்குள் குண்டு உருளும் மூட்டு அது. நம் தோள்மூட்டைப் போன்றது. சில்லைத் தாங்கும் போல் ஜொயின்டும் அவ்வாறே. மூட்டை மூடியிருக்கும் றப்பர் உறை கிழிந்தால் மழைநீரும் சேறும் உள்ளே புகும், கிறீஸ் கழுவுப்படும், குண்டு தேயும்.

வாகனம் நேரே ஓடாமல் அலைவது, குழியில் விழும்போது "டக்" என்ற சத்தம், டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்வது, காரின் ஸ்டியரிங் ஓர் அங்குலத்துக்கு மேல் வெறுமனே ஆடுவது ஆகியவை அடையாளங்கள். ஆனால் டயரில் காற்றுக் குறைந்தாலும், சில்லு நட் தளர்ந்தாலும் இவற்றுட் சில தோன்றும். எனவே செலவில்லாத அவ்விரண்டையும் முதலில் பாருங்கள்.

இருவர் செய்யும் சோதனை

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சில்லுகளுக்குக் கல் வையுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக அசைக்கட்டும். பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சின் ஓடவேண்டும். மற்றவர் தண்டிலிருந்து சில்லு வரை ஒவ்வொரு மூட்டாகப் பார்க்கவேண்டும். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைய மறுபக்கம் உடனே அசையவில்லையோ, அதுவே தேய்ந்தது.

அடுத்து முன் சில்லை ஜெக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கி வையுங்கள். ஜெக்கை மட்டும் நம்பி எவரும் கீழே புகக்கூடாது. சில்லை இடது வலது விளிம்புகளில் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? பெரும்பாலும் டை ரொட் எண்ட். மேலும் கீழுமாகப் பிடித்தால் தெரிகிறதா? போல் ஜொயின்டோ பெயாரிங்கோ. ஒருவர் பிரேக்கை மிதிக்க ஆட்டம் மறைந்தால் பெயாரிங். மறையாவிட்டால் போல் ஜொயின்ட் அல்லது கிங் பின்.

நம் ஊர்களில் இன்றும் காணப்படும் மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் முன் சில்லைத் தாங்குவது போல் ஜொயின்ட் அல்ல, புரி வெட்டிய ட்ரனியன். ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் புரி தேய்ந்து, கீழ் ட்ரனியன் கழன்று, சில்லு மடிந்துவிடும். எனவே சில்லைத் தரையிலிருந்து உயர்த்திக் கிறீஸ் அடிப்பது நல்லது. அப்போதுதான் அது புரிக்குள் நன்றாகப் பரவும்.

மாற்றும்போது

டை ரொட் எண்டை அனுபவமுள்ள பாஸ் ஒருவரைக் கொண்டே மாற்றுங்கள். அருகில் நின்று பாருங்கள். லொக் நட்டைத் தளர்த்தி, ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, நட்டைக் கழற்றி, மூட்டைப் பிரிக்கவேண்டும். புரியின் முனையில் சுத்தியலால் அடிக்கலாகாது. பழையதை எத்தனை சுற்றில் கழற்றினாரோ, புதியதையும் அத்தனை சுற்றில் ஏற்றவேண்டும். ஸ்ப்ளிட் பின் புதியதாகவே இருக்கட்டும். துளை நேர்ப்படாவிட்டால் நட்டை மேலும் இறுக்கவேண்டுமேயன்றித் தளர்த்தக்கூடாது. இறுதியில் எலைன்மென்ட் பார்க்கவேண்டும். இல்லையேல் டயர் வீணாகும்.

பணம் குறைவென்றால்

உறை மட்டும் கிழிந்து மூட்டு இறுக்கமாக இருந்தால் புதிய உறை போட்டுக் கவனிக்கலாம். ஸ்டியரிங் பொக்ஸில் சிறிய ஆட்டம் இருந்தால் பாஸைக் கொண்டு அட்ஜஸ்ட் செய்யலாம். ஆனால் மூட்டிலுள்ள ஆட்டத்தை மறைக்கப் பொக்ஸை இறுக்கலாகாது. ஆடும் டை ரொட் எண்டோடும் போல் ஜொயின்டோடும் ஒரு பயணங்கூடப் போகக்கூடாது. "வெல்டிங் வைத்துத் தருகிறேன்" என்று எவர் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். பாவித்த பாகத்தையும் இந்த இடத்தில் வாங்காதீர்கள்.

பழைய வாகனம் வாங்கச் செல்லும்போது முற்பணம் கொடுக்குமுன் இருவராகச் சென்று இச்சோதனையைச் செய்யுங்கள். விற்பவர் மறுத்தால் அந்த வாகனம் நமக்கு வேண்டாம். மரக்கறி மூட்டைகளோடு நம் பிள்ளைகளும் அதில்தான் ஏறப்போகிறார்கள். ஒரு டை ரொட் எண்டின் விலையை ஒரு மாத மரக்கறி வருமானத்திலிருந்து ஒதுக்கிவிடலாம். பள்ளத்தில் போன உயிரை எந்த அறுவடையாலும் மீட்கமுடியாது.