சவரச் சோப்பின் நுரையும் மணமும்: சோதித்தறியும் முறை

முகச் சவரத்திற்கென்றே சிறு அளவில், கைத்தொழில் முறையில் சோப்புச் செய்வோர் இன்று நாட்டின் பல பகுதிகளிலும் உள்ளனர். இப்பண்டத்தை வாங்குவோர் பெரும்பாலும் இரண்டு சோதனைகளையே செய்கின்றனர்: கட்டியை மோந்து பார்க்கின்றனர், சிறிது நீர்விட்டுத் தேய்த்து நுரை பொங்குகிறதா என்று பார்க்கின்றனர். இவ்விரண்டும் எளியவை, ஆயினும் சவரச் சோப்பைப் பொறுத்தவரை இரண்டும் ஏமாற்றக்கூடியவை. கட்டியில் கமழும் மணம் நுரையிலும் அவ்வாறே கமழும் என்பதில்லை. விரைவில் பொங்கும் நுரை, கத்தி முகம் முழுவதும் சென்று முடியும்வரை நிற்கும் என்பதுமில்லை. தவறான சோதனையினால் நல்ல பண்டம் செய்யும் சிறு உற்பத்தியாளர் சந்தையில் பின்தங்கவும், வாசனைத் திரவியத்தை மிகுதியாகச் சேர்த்த தரக்குறைவான பண்டம் முன்னிற்கவும் இடமுண்டு. ஆகையால் இச்சோப்பை முறையாகச் சோதிக்கும் வழியைக் களப் பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

எண்ணெயும் மணப்புல்லும் விளையும் இடம்

இப்பொருளை விளக்குவதற்கு ஹைதராபாத் ஏற்ற இடமாகும். அந்நகரைச் சூழ்ந்த தெலங்கானாப் பகுதி ஆமணக்குச் சாகுபடிக்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. ஹைதராபாத் சமஸ்தானம் 1944ஆம் ஆண்டில் நிறுவிய மத்திய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக்கூடங்கள், 1956இல் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலின்கீழ் வந்து வட்டார ஆராய்ச்சிக்கூடம் என்று பெயர்பெற்றன. 1989 முதல் அந்நிலையம் இந்திய இரசாயனத் தொழில்நுட்ப நிலையம் என வழங்குகிறது. எண்ணெய்களையும் கொழுப்புக்களையும் பற்றிய ஆராய்ச்சி அங்கு நடைபெற்றுவரும் முக்கியப் பணிகளுள் ஒன்று. இந்திய உணவின் வரலாற்றை எழுதிப் பின்னாளில் புகழ்பெற்ற கே. டி. அச்சயா, பல ஆண்டுகள் அங்கு எண்ணெய் இரசாயனத் துறையில் பணியாற்றியவர். நகரின் ராஜேந்திரநகர்ப் பகுதியில் இந்திய எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமும், போடுப்பல் பகுதியில் மத்திய மருந்து, மணப்பயிர் நிலையத்தின் ஆராய்ச்சி மையமும் அமைந்துள்ளன. சார்மினாரை அடுத்த கடைத்தெருவில் அத்தர் வாணிகம் இன்றும் நடைபெறுகிறது. சோப்பிற்கு வேண்டிய எண்ணெய், மணம் ஆகிய இரண்டையும் பற்றிய அறிவு ஒருங்கே சேர்ந்திருக்கும் நகரம் இது.

தாவர எண்ணெயைக்கொண்டு சோப்புச் செய்யும் முயற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. சென்னை அரசாங்கம் கோழிக்கோட்டில் 1914இல் சோப்புத் தொழிலைத் தொடங்கிற்று. மைசூர் அரசாங்கம் சந்தன எண்ணெய் வடிக்கும் தொழிற்சாலையை 1916இல் அமைத்து, அதனை அடுத்துச் சந்தனச் சோப்பையும் வெளியிட்டது. மேனாடுகளில் சவரச் சோப்பிற்கு மாட்டுக் கொழுப்பும் ஆட்டுக் கொழுப்பும் நெடுங்காலம் மூலப்பொருள்களாக இருந்தன. நம் நாட்டில் பலர் அவற்றை ஏற்பதில்லை. எனவே அக்கொழுப்புக்கள் தரும் பண்புகளைத் தாவர எண்ணெய்களிலிருந்தே பெறவேண்டியதாயிற்று.

எந்தக் கொழுப்பு எத்தகைய நுரை தரும்?

குளியல் சோப்பின் வேலை அழுக்கை நீக்குவது. அதன் நுரை ஒரு நிமிடம் நின்றாலே போதும். சவரச் சோப்பின் நுரைக்கு வேறு பணிகள் உண்டு. அது மயிரில் நீரைத் தேக்கி அதனை மென்மையாக்க வேண்டும். கத்திக்கும் தோலுக்கும் இடையே வழுக்கும் படலமாக நிற்கவேண்டும். பல நிமிடங்கள் உலராமல் இருக்கவேண்டும். ஆதலால் நுரையின் அளவைவிட அதன் நிலைப்பும், செறிவும், ஈரமுமே கருதத்தக்கவை.

தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அதிலிருந்து பிறக்கும் சோப்பு நீரில் எளிதில் கரைந்து, பெரிய குமிழிகளுடன் விரைவில் பொங்கும். ஆனால் அந்நுரை விரைவில் அடங்கும். அளவு மிகுந்தால் தோலையும் உலர்த்தும். ஸ்டியரிக் அமிலத்தின் சோப்பு மெதுவாகவே கரையும். எனினும் நுண்ணிய குமிழிகளையும், பாலேடு போன்ற நிலைத்த நுரையையும் தரும். கோகம் வெண்ணெயில் இவ்வமிலம் பாதிக்குமேல் உண்டு. குங்கிலிய இனத்தைச் சேர்ந்த சால் மரத்தின் வித்துக்கொழுப்பிலும் இது மிகுதி. ஆமணக்கெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு அளவில் உள்ள ரிசினோலிக் அமிலம், தானே மிகுந்த நுரை தராவிடினும், பிற சோப்புக்கள் கரைவதற்குத் துணைசெய்து வழுக்குந்தன்மையைக் கூட்டும்.

காரமும் கருதத்தக்கது. சோடியம் ஹைடிராக்ஸைடு கெட்டியான கட்டியைத் தரும். பொட்டாசியம் ஹைடிராக்ஸைடு மென்மையான, எளிதில் கரையும் சோப்பைத் தரும். சவரச் சோப்பு செய்வோர் இவ்விரண்டையும் கலந்து, பெரும்பாலும் பொட்டாசியக் காரத்தையே மிகுதியாகக் கொள்வர். ஸ்டியரிக் அமிலம் மிகுந்த கலவை தூரிகைக்கு இணங்கிக் கரைவதற்கு இதுவே காரணம். நுரை உலராதிருக்கக் கிளிசரினும் சேர்ப்பதுண்டு.

நீர் தரும் தீர்ப்பு

ஒரே சோப்பை ஒருவர் புகழவும் மற்றொருவர் இகழவும் காரணமாவது பலவேளைகளில் நீரே. ஹைதராபாத் நகருக்கு 1920இல் கட்டிமுடிக்கப்பட்ட உஸ்மான் சாகர், 1927இல் முடிந்த ஹிமாயத் சாகர் ஆகிய ஏரிகளும், பின்னர் மஞ்சீரா, கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளும் நீர் வழங்கியுள்ளன. இவற்றோடு கருங்கல் நிலத்தில் தோண்டிய ஆழ்துளைக் கிணறுகளையும் மக்கள் நாடுகின்றனர். இத்தகைய நிலத்தடி நீரில் கால்சிய, மக்னீசிய உப்புக்கள் மிகுந்து நீர் கடினமாக இருப்பது பல இடங்களில் காணப்படுவதே. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கதாகவும், வேறு நீர் இல்லாதபோது 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கத்தக்கதாகவும் கொள்கிறது.

கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்ட 1 மில்லிகிராம் கடினத்தன்மை ஏறத்தாழ 6 மில்லிகிராம் சோப்பைக் கரையாத திரையாக மாற்றிவிடும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டருக்கு 10 கிராம் சோப்பைக் கரைத்தால் அதில் 1.8 கிராம், அதாவது நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு, வீணாகும். ஆனால் தூரிகையில் 1 கிராம் சோப்பை 10 மில்லிலிட்டர் நீருடன் குழைக்கும்போது வீணாவது 18 மில்லிகிராம் மட்டுமே. அது நூற்றுக்கு இரண்டு பங்கிற்கும் குறைவு.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, குழாயில் நீர்த்த கரைசலைக் குலுக்கிப் பார்க்கும் சோதனையைமட்டும் நம்பி, கடின நீரில் ஒரு சவரச் சோப்பு உதவாது என்று தீர்மானித்தல் தவறு. மற்றொன்று, கடின நீர் உள்ள ஊரில் நுரை நில்லாதபோது முதலில் செய்யத்தக்கது சோப்பை மாற்றுவதன்று. தூரிகையில் சோப்பைச் சற்று மிகுதியாக எடுத்து, நீரைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதேயாகும். கரையாத அத்திரை நுரையைக் குலைக்கும் இயல்பும் உடையது. முகம் கழுவும்போது நீர் மிகுதியாவதால் அத்திரை தோலில் படிந்து பிசுபிசுக்கும். கடைசியாகக் கழுவுவதற்கு மழைநீரோ கொதித்தாறித் தெளிந்த நீரோ ஓரளவு உதவும். கொதிக்கவைத்தல் தற்காலிகக் கடினத்தன்மையைமட்டுமே நீக்கும் என்பதை மாணவர் அறிவர்.

நுரையைச் சோதித்தல்

ஜான் ராஸ், கில்பர்ட் மைல்ஸ் என்போர் 1941இல் வெளியிட்ட முறை உலகெங்கும் வழங்குகிறது. அதில் 200 மில்லிலிட்டர் கரைசல் 90 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அதே கரைசலின்மீது விழுகிறது. எழும் நுரையின் உயரம் உடனேயும், ஐந்து நிமிடம் கழித்தும் அளக்கப்படுகிறது. பள்ளியில் இதனை எளிமையாக்கலாம். மூடியுள்ள அளவு உருளையில் நூற்றுக்கு ஒரு பங்கு சோப்புக் கரைசலை 10 மில்லிலிட்டர் ஊற்றி, இருபது முறை ஒரே சீராகக் கவிழ்த்து நிமிர்த்தி, நுரையின் உயரத்தை உடனேயும் ஐந்தாம் நிமிடத்திலும் குறிக்கவேண்டும். மழைநீரிலும் ஊர் நீரிலும் தனித்தனியே செய்தல் வேண்டும்.

இதனைத் தூரிகைச் சோதனை தொடரவேண்டும். 1 கிராம் சோப்பைச் சீவி, கிண்ணத்தில் 10 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீருடன் தூரிகையால் ஒரு நிமிடம் குழைத்து, நுரையைப் புனலில் இட்டு அளவு உருளையின்மேல் வைக்கவேண்டும். பத்து நிமிடத்தில் எவ்வளவு நீர் வடிகிறது என்பதே அளவை. நீர் விரைந்து வடியும் நுரை கத்திக்கு முன்னரே உலர்ந்துவிடும். முதற் சோதனையில் முந்திய சோப்பு இரண்டாவதில் பிந்துவதுண்டு. அவ்வாறு முரண்பட்டால் சவரத்திற்கு இரண்டாம் சோதனையின் முடிவையே கொள்ளவேண்டும்.

மணத்தைச் சோதித்தல்

சோப்பு காரத்தன்மை உடையது, நுரையோ வெதுவெதுப்பானது. இவ்விரண்டையும் தாங்கும் மணப்பொருளே சோப்பிற்கு ஏற்றது. எலுமிச்சை, நாரத்தை வகைகளின் மணம் எளிதில் ஆவியாகிச் சில வாரங்களில் மங்கும். மல்லிகை மணத்திற்கு உறுப்பான பென்ஸைல் அஸிடேட் போன்ற எஸ்டர்கள் காரத்தினால் சிதையக்கூடும். வெனிலின் சோப்பைப் பழுப்பாக்கும். சந்தனமும் வெட்டிவேரும் நிலைத்து நிற்பவை. ரோஜா மணங் கமழும் ரோஷாப் புல்லின் எண்ணெயும் சோப்பிற்குப் பெரிதும் பயன்படுகிறது. முற்காலத்தில் பம்பாயிலிருந்து துருக்கிக்குச் சென்று, அங்கு ரோஜா அத்தரில் கலப்படமாகச் சேர்ந்த எண்ணெய் இதுவே. இதில் மிகுதியாக உள்ள ஜெரானியால் காரத்தை நன்கு தாங்கும்.

மணத்தைக் கட்டியிலும், குழைத்த நுரையிலும், கழுவியபின் தோலிலும் மூன்று முறை தனித்தனியே குறிக்கவேண்டும். புதிய கட்டியோடு, மூன்று மாதம் வைத்திருந்த கட்டியையும் ஒப்பிடவேண்டும். மூக்கு விரைவில் களைப்புறுமாதலால் ஒரே அமர்வில் மூன்று நான்கு மாதிரிகளுக்குமேல் வைத்தலாகாது. விலையும் பெயரும் தீர்ப்பைத் திருத்திவிடும். எனவே மாதிரிகளுக்கு எண்மட்டும் இடவேண்டும்.

இரு சோப்புக்களிடையே மணவேறுபாடு உண்மையில் உண்டா என்று அறிய முக்கோணச் சோதனை உதவும். ஒரே சோப்பின் நுரையை இரு கிண்ணங்களிலும், மற்றொன்றின் நுரையை மூன்றாம் கிண்ணத்திலும் வைத்து, வேறானது எது என்று கேட்கவேண்டும். வெறும் ஊகத்தினாலேயே மூவரில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடலாம். ஆகையால் பன்னிருவரில் குறைந்தது எண்மராவது சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு உண்டெனக் கொள்ளலாம். ஆசிரியர் ஓய்வறையிலேயே இதனை நடத்தலாம். நிகழ்தகவுப் பாடத்திற்கும் இது நல்ல எடுத்துக்காட்டு.

தோலின் பாதுகாப்பு

மஞ்சள் தாளைச் சோப்பு நீரில் நனைத்துச் சிவந்ததும், காரம் மிகுந்துள்ளது என்று கூறுவது வழக்கம். நீரில் கரைந்த எந்தச் சோப்பும் காரத்தன்மை காட்டுமாதலால் இது தக்க சோதனையன்று. சோப்புத் துருவலை எரிசாராயத்தில் இட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து, திறந்த தீ அருகில் இல்லாமல் கரைத்து, பினால்ப்தலீன் சில துளிகள் சேர்க்கவேண்டும். சாராயம் அமிலமோ காரமோ இன்றி நடுநிலையில் இருத்தல் வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் தோன்றினால் இணையாது நின்ற காரம் உண்டு. அச்சோப்பை முகத்தில் இடலாகாது.

இயற்கை மணம் என்பதனாலேயே அது தீங்கற்றது ஆகாது. ஜெரானியால், சிட்ரால், லினலூல் முதலியவை சிலருக்கு ஒவ்வாமை தருவனவாக அறியப்பட்டவை. சவரத்தில் தோல் கீறுண்டிருக்குமாதலால் புதிய சோப்பை முதலில் முன்கையின் உட்புறத்தில் சில நாள் சோதித்தல் நன்று. விற்பனைக்கெனச் செய்வோர் 2020ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளின்கீழ் உரிமம் பெறவேண்டும் என்பதையும் களப் பணியாளர் எடுத்துக்கூற வேண்டும்.

சிறு உற்பத்தியாளருக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒவ்வொரு வார்ப்பிற்கும் எண்ணெய்களின் விகிதம், நீரின் கடினத்தன்மை, ஐந்தாம் நிமிட நுரை உயரம், வடிந்த நீரின் அளவு, மூன்று மாதத்திற்குப் பின் மணம் ஆகிய ஐந்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால், எந்த மாற்றம் பண்டத்தை உயர்த்திற்று என்பது ஓராண்டில் தெளிவாகும். அளவு உருளையும், தராசும், பன்னிருவரின் மூக்கும் எந்தப் பள்ளியிலும் உள்ளன. அருகிலுள்ள உற்பத்தியாளருக்கு அவற்றைத் தந்துதவுவது ஆசிரியரால் இயலும் பணியே.