எஞ்சினில்லா விமானத்துக்கு எச்சரிக்கைக் கருவி

கொட்டாஞ்சேனைக்கு மேலே, துறைமுகத்தை அண்டிய ஆகாயத்தில், வெயில் ஏற ஏறச் சிறகை அசைக்காமலே வட்டமிட்டு உயரும் பருந்துகளை நோக்கியவர்களுக்கு, கிளைடர் என்னும் எஞ்சினில்லா விமானத்தின் சூட்சுமத்தை நீட்டி விளக்க வேண்டியதில்லை. சூடேறிய நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றே அதற்கும் ஆதாரம். அக்காற்று பலமாக எழும் இடம் ஒன்று அகப்பட்டால், சுற்றுவட்டாரத்துக் கிளைடர்களெல்லாம் அங்கே வந்து கூடி, ஒரே திசையில் வட்டமிட்டு உயர்வது அத்துறையின் சம்பிரதாயம். அபாயமும் அங்கேதான் கூடுகிறது. நெருங்கிப் பறத்தல் பயிற்சி மிக்க போர்விமானிகளுக்கே எத்துணை ஆபத்தானது என்பதை, 2011 மார்ச் 1ஆம் திகதி, நம் விமானப்படையின் 60ஆம் ஆண்டு விழாவுக்கான ஒத்திகையில் இரண்டு கிபிர் விமானங்கள் கம்பஹாப் பகுதி வானில் மோதி ஒரு விமானி மாண்ட சம்பவம் காட்டிற்று.

கண் இருக்கக் கருவி எதற்கு என்று கேட்போர் உண்டு. மோதும் பாதையில் வரும் விமானமானது, விமானியின் கண்ணாடியில் இடம் மாறாத ஒரு புள்ளியாக நெடுநேரம் நின்று, கடைசிச் சில கணங்களிலேயே திடீரெனப் பெருத்துத் தோன்றும். அசைவதை உடனே பற்றிக்கொள்ளும் மனிதக் கண், அசையாததைப் பொருட்படுத்துவதில்லை. போதாக்குறைக்கு, கிளைடரோ வெண்மேகத்தின் முன் வெண்ணிறமாய், நேரெதிரே பார்த்தால் மெல்லிய கோடாய்த் தெரிவது.

பெரிய பயணிகள் விமானங்களுக்கு டீகாஸ் என்னும் சாதனம் உண்டு. 1996 நவம்பர் 12ஆம் திகதி டில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரி என்னுமிடத்தில் சவூதி விமானமும் கஸக்ஸ்தான் விமானமும் மோதி 349 பேரும் மாண்ட பின்னரே இந்தியா அதைக் கட்டாயமாக்கியது. அது அயல் விமானத்தின் டிரான்ஸ்பொண்டரை, அதாவது வினவினால் வானொலி அலையில் விடையளிக்கும் கருவியை, வினவி, 'மேலேறு', 'கீழிறங்கு' என்று ஆணையிடும். எஞ்சினில்லாதவன் எதைக் கொண்டு மேலேறுவான்? அன்றியும், பக்கத்திலேயே பலர் வட்டமிடும் வெப்பக் காற்றில், அத்தகைய சாதனம் ஓயாது அலறிக்கொண்டே இருக்கும்.

இக்குறையை உணர்ந்து 2004இல் சுவிற்சர்லாந்தில் தோன்றியது ஃபிளார்ம். ஜி.பி.எஸ். மூலமும் காற்றழுத்த அளவின் மூலமும் தன் நிலையை அறிந்து, வளைந்து செல்லும் கிளைடர் அடுத்த சில விநாடிகளில் எங்கே இருக்கும் என்று கணித்து, அதை வானொலி அலையில் ஒலிபரப்பும். பிறருடைய கணிப்பையும் வாங்கி, இரண்டு பாதைகளும் சந்திக்கும் என்று கண்டால் மாத்திரமே ஒளியாலும் ஒலியாலும் திசையைச் சுட்டும். விலகும் விதத்தை விமானியின் யுக்திக்கே விட்டுவிடும். இந்த அடக்கமே அதன் சிறப்பு என்பது என் எண்ணம்.

ஆனால் ஃபிளார்ம் இல்லாதவனை ஃபிளார்ம் அறியாது. பயணிகள் விமானத்தின் டீகாஸும் ஃபிளார்மைக் காணாது. பின்வந்த சில மாதிரிகள் டிரான்ஸ்பொண்டர் சமிக்ஞைகளையும் ஏற்கின்றன எனினும், பெரிய விமானங்கள் தன்னைக் காண வேண்டுமென்றால் கிளைடரும் டிரான்ஸ்பொண்டர் சுமந்தே ஆகவேண்டும். சிறு மின்கலத்தை நம்பிப் பறப்பவனுக்கு அந்தச் செலவும் இலேசானதன்று.

ஆகவே, பூனாவின் ஹடப்ஸர் போன்ற கிளைடிங் களத்தில் பழகி, பின்னர் சொந்தக் கருவி வாங்க எண்ணும் நம் இளைஞர், விலைப்பட்டியலைப் பிரிக்குமுன், அக்களத்தில் கூடப் பறப்பவர்கள் எதை வைத்திருக்கிறார்கள், அருகே பயணிகள் விமானப் பாதை செல்கிறதா என்னும் இரண்டையும் விசாரித்தறிவாராக.