செலுத்தி நிரல்களில் பிற்றுக் கையாளுகை: மீளாய்வு பற்றிய ஒரு விளக்கம்

மருதமுனைக் கைத்தறியில் எப்பாவிழை உயர வேண்டும், எது தாழ வேண்டும் என்பதே துணியின் கோலத்தைத் தீர்மானிக்கின்றது. தவறி உயர்ந்த இழையின் பிழை துணியில் நிலைத்துவிடும். கணினிச் சாதனங்களை இயக்கும் செலுத்தி நிரலின் நிலையும் இதுவே. ஒலுவிலில் 1996 முதல் பல்கலைக்கழகமொன்று இயங்கிவரும் இப்பிரதேசத்தில், இவ்விடயத்தைத் தமிழில் ஆராய்வது பொருத்தமென்று கருதுகின்றோம்.

சாதனத்தின் பதிவகம் ஒவ்வொன்றும் பிற்றுகளின் வரிசையாகும். ஒவ்வொரு பிற்றும் ஓர் ஆளியை ஒத்தது. 10110010 என்றுள்ள பதிவகத்தில் வலமிருந்து மூன்றாம் பிற்றை மட்டும் இயக்க விரும்புகிறோம் எனக் கொள்வோம். 00000100 என்பதை நேரே எழுதினால், ஏலவே இயங்கிய நான்கு பிற்றுகளும் அணைந்துவிடும். பழைய பெறுமானத்தை வாசித்து, 'அல்லது' என்னும் தருக்கச் செயலால் இணைத்து எழுதினால் 10110110 கிடைக்கும், ஏனையவை பிழைக்கும்.

ஆயினும் மீளாய்வாளர் இத்துடன் அமைதல் ஆகாது. வாசித்தலுக்கும் எழுதுதலுக்கும் இடையே குறுக்கீடொன்று நேர்ந்து வேறொரு பிற்றை மாற்றியிருப்பின், நாம் எழுதும் பழைய பெறுமானம் அம்மாற்றத்தை அழித்துவிடும். எனவே அவ்விடத்தில் பூட்டு உண்டா என வினவ வேண்டும். சில நிலைப் பதிவகங்களிலோ, 1 எழுதினால்தான் பிற்று அணையும். அங்கே மேற்கூறிய 'நல்ல' முறையே தீங்காகிக் காத்திருக்கும் அறிவிப்புகள் அனைத்தையும் துடைத்துவிடும். ஆகவே நிரலை மட்டுமன்றிச் சாதனத்தின் கைந்நூலையும் அருகில் வைத்தே வாசித்தல் வேண்டும்.

2008 இல் லினக்ஸ் 2.6.27 இன் சோதனைப் பதிப்புகளில் இன்ரெல் வலையமைப்பு அட்டைகள் சிலவற்றின் நிலைநினைவகம் சிதைந்து, அவை செயலிழந்தன. ஐயம் e1000e என்னும் செலுத்தியின் மேல் விழுந்தது. உண்மைக் காரணமோ, கருவினுள் இருந்த எவ்ரேஸ் என்னும் தடமறி கருவி. விடுவிக்கப்பட்ட நினைவக முகவரியில் அது ஒப்பிட்டு மாற்றும் கட்டளையைப் பிரயோகித்தது. அம்முகவரியோ அதற்குள் அட்டைக்கு உரியதாகியிருந்தது. ஒப்பீடு தோற்பினும் அக்கட்டளை எழுதியே தீரும். எழுதுதலைத் தடுக்கும் பூட்டுப் பிற்றுகளை இயக்கும் திருத்தம் செலுத்தியிலும் சேர்க்கப்பட்டது.

மூலநிரல் பலர் கண்ணுக்கும் திறந்திருந்தமையாலேயே குற்றம் சாட்டப்பட்டதற்கு அப்பாலும் தேட முடிந்தது. மீளாய்வு தனிமனிதத் திறமை அன்று, கூட்டு உழைப்பு. இயந்திரத்தை வாங்கிப் பயன்படுத்துவோராக மட்டும் நின்றுவிடாது, அதன் உள்ளியக்கத்தை வாசித்து வினவுவோராக நம் மாணவர் வளர்வதற்கு இப்பயிற்சி இன்றியமையாதது.