காருக்குள் கடகட சத்தம்: கண்டுபிடிப்பதும் களைவதும்

நம் வணிகர்களில் பலரிடம் இன்று ஒரு சிறிய கார் இருக்கிறது. காலையில் மார்க்கெட், பகலில் வங்கி, மாலையில் வசூல், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயில் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வண்டிதான். அவசரத்துக்குப் பின் சீட்டை மடக்கி நான்கு பருப்பு மூட்டையும் ஏற்றிக் கொள்கிறோம். இப்படி உழைக்கும் வண்டியில் நாலைந்து வருடத்தில் உள்ளே எங்கோ லொடலொடவென்று சத்தம் கிளம்புவது இயற்கை. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014 வரை தயாரான மாருதி 800 வண்டியை ஓட்டிப் பழகிய மூத்த வணிகர்களுக்கு இது புதிதல்ல.

சத்தம்தானே என்று சிலர் ரேடியோவைக் கூட்டி வைத்துவிடுகிறார்கள். சிலர் பட்டறைக்குப் போய் அவர்கள் சொன்னதையெல்லாம் மாற்றிவிட்டு வருகிறார்கள். இரண்டுமே நஷ்டம். நமக்குத் தெரிந்த அரிசி வியாபாரி ஒருவர், பின்பக்கச் சத்தத்துக்காக இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றினார். பணம் போனதே தவிர சத்தம் போகவில்லை. கடைசியில் பார்த்தால், டிக்கியில் ஜாக்கியை இறுக்கும் திருகு தளர்ந்திருந்தது. கையால் இரண்டு சுற்று திருகியதும் வண்டி அமைதியாகிவிட்டது.

பேரேட்டில் கணக்கு உதைத்தால் நாம் என்ன செய்கிறோம்? பக்கம் பக்கமாகச் சரிபார்த்து, சரியான பக்கங்களை ஒதுக்கிக் கொண்டே வருகிறோம். தவறு தானாக அகப்படுகிறது. காரின் சத்தத்துக்கும் அதே முறைதான்.

முதல் வேலை: வண்டியைக் காலி செய்யுங்கள்

டேஷ்போர்டு பெட்டி, கதவுப் பைகள், சீட்டின் அடி, டிக்கி எல்லாவற்றையும் ஒழித்து வையுங்கள். சில்லறைக் காசு, பேனா, சாவி, மூக்குக் கண்ணாடிக் கூடு, சாம்பிள் பொட்டலத்திலிருந்து சிதறிய பருப்பு, மிளகு என்று எத்தனையோ கிடைக்கும். சீட் நகரும் தண்டவாளத்தில் விழுந்த ஒரு காசே பெரிய சத்தம் போடும். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பானர்களையும் இறக்கிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்குச் சத்தம் இதிலேயே தீர்ந்துவிடும்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டில் முன்னால் வந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால், எவ்வளவு மிதித்தாலும் பிரேக் முழுமையாகப் பிடிக்காது. ஆகவே ஓட்டுநரின் காலடியில் எந்தப் பொருளும் கூடாது.

இரண்டாவது வேலை: சத்தத்தின் குணத்தை அறியுங்கள்

வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஆக்சிலேட்டரை மெதுவாகக் கூட்டிப் பாருங்கள். நின்ற இடத்திலேயே சத்தம் வந்தால் அதற்குக் காரணம் எஞ்சின் அதிர்வு. மாருதி 800 போலவே இன்றைய சிறிய கார்கள் பலவற்றிலும் மூன்று சிலிண்டர் எஞ்சின்தான். எனவே மெதுவாக ஓடும்போது சற்று அதிர்வது வழக்கம். டேஷ்போர்டு, சைலன்சரைத் தாங்கும் ரப்பர், அதன் மேலுள்ள வெப்பத் தகடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பள்ளம் மேட்டில் மட்டும் வந்தால் தளர்ந்த பாகம் ஒன்று இடிக்கிறது என்று பொருள். கிறீச் என்று வந்தால் இரண்டு பிளாஸ்டிக்கோ, ரப்பரும் தகரமுமோ உரசுகின்றன. வெயிலில் பிளாஸ்டிக் விரியும், குளிரில் சுருங்கும். காலையில் வந்த சத்தம் மதியம் மறைந்தால் காரணம் அதுவே.

டயரில் காற்று அதிகமாக இருந்தாலும் வண்டி குதித்து உள்ளே எல்லாம் ஆடும். ஓட்டுநர் கதவை ஒட்டிய சீட்டில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்று வைத்த பிறகே தேடுதலைத் தொடங்குங்கள்.

மூன்றாவது வேலை: இடத்தைப் பிடியுங்கள்

ஓட்டுகிறவர் தேடக்கூடாது. மகனையோ கடைப் பையனையோ, லைசென்ஸ் உள்ள ஒருவரை, ஓட்டச் சொல்லுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத கரடுமுரடான சாலையில், 20 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில், கண்ணாடிகளை ஏற்றி, ரேடியோவையும் ஏ.சி.யையும் நிறுத்திவிட்டுப் போக வேண்டும். நீங்கள் முன் சீட்டில் சிறிது நேரம், பின் சீட்டில் சிறிது நேரம் உட்கார்ந்து, சந்தேகப்படும் இடங்களை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்துங்கள். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் இடம்.

வழக்கமாக அகப்படுபவை இவை: ஆள் இல்லாத சீட்டின் பெல்ட் கொக்கி பக்கத்துப் பிளாஸ்டிக்கில் தட்டுவது, சீட்டின் தலைச் சாய்மானக் கம்பி, மடக்கும் பின் சீட்டின் பூட்டு, டிக்கியின் மேல் தட்டு, ஸ்பீக்கர் திருகு, கதவுக்குள் பூட்டுக்குச் செல்லும் கம்பி. மூட்டை ஏற்றும் நம் வண்டிகளில் பின் சீட்டுப் பூட்டை முதலில் பாருங்கள். சுமை இருக்கும்போது மௌனமாகவும் காலியாக வரும்போது கடகடவென்றும் இருந்தால் சந்தேகம் அங்கேதான்.

சரி செய்யும் முறை

தளர்ந்த திருகை அளவோடு இறுக்குங்கள். பிளாஸ்டிக்கில் அதிகம் முறுக்கினால் மரை போய்விடும். உடைந்த கிளிப்புக்குப் புது கிளிப் போடுங்கள், விலை சொற்பம். உரசும் இடத்தில் மெல்லிய கம்பளித் துணி டேப் ஒட்டலாம். இடிக்கும் இடத்தில் போம் டேப் ஒட்டலாம். கதவு ரப்பரில் சிலிக்கான் ஸ்பிரே அடித்துத் துடைத்தால் கிறீச்சொலி அடங்கும். எஞ்சின் ஆயிலோ சாதாரண கிரீஸோ தடவ வேண்டாம், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். பழைய அட்டையையும் காகிதத்தையும் மடித்து டேஷ்போர்டுக்குள் திணிப்பதும் தவறு. உள்ளே மின் ஒயர்கள் ஓடுகின்றன.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கான காற்றுப்பை கட்டாயம் ஆனது. அதன் பின் முன்சீட்டுப் பயணிக்கும் கட்டாயமாகிவிட்டது. அப்படிப்பட்ட வண்டியில் ஸ்டியரிங்கின் நடுப்பகுதியையோ, காற்றுப்பை உள்ள டேஷ்போர்டு மூடியையோ நாமாகக் கழற்றக் கூடாது, அவற்றின் மேல் எதையும் ஒட்டவும் கூடாது. பொதுவாக மஞ்சள் நிறத்தில் வரும் அதன் ஒயர் இணைப்புகளைத் தொடவே வேண்டாம். அந்த இடத்தில் சத்தம் என்றால் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

அதேபோல, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதோ பிரேக் மிதிக்கும்போதோ டக் டக் என்று கேட்டால் அது உள்சத்தம் அல்ல. வீல், சஸ்பென்ஷன், பிரேக் பாகங்களை அன்றே காட்ட வேண்டும். நாம் சிறு சத்தங்களை ஒழித்து வைப்பதன் பெரிய லாபம் இதுதான். அமைதியான வண்டியில் ஆபத்தின் சத்தம் முதல் நாளே காதில் விழும். ஓயாமல் லொடலொடக்கும் வண்டியில் அதுவும் பத்தோடு பதினொன்றாகிவிடும். இரவு நேரத்தில் வசூல் முடித்து நெடுஞ்சாலையில் திரும்பும் வணிகருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

ஆக, செலவு ஒரு டேப் சுருளும் நாலு கிளிப்பும். நேரம் ஒரு விடுமுறை நாளின் காலைப்பொழுது. பட்டறைக்குப் போக நேர்ந்தாலும், "சத்தம் வருகிறது, பாருங்கள்" என்று சொல்லாமல், "இன்ன இடத்தில், இன்ன வேகத்தில், இதை அழுத்தினால் நிற்கிறது" என்று சொல்லுங்கள். சரக்கைத் தெரிந்தவனிடம் விலை பேசுகிறவர் எவ்வளவு ஜாக்கிரதையாகப் பேசுவாரோ, மெக்கானிக்கும் அப்படியே பேசுவார்.