தாழ்ந்த காரும் ஆலங்குளம் சாலையும்

சிவகாசியிலிருந்து ஆலங்குளத்துக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்தைச் சொல்லவில்லை. அரசு சிமெண்டு ஆலை உள்ள விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். பேருந்து காலியாக ஓடும்போது உடம்பெல்லாம் குலுங்கும். அதே பேருந்தில் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் ஏறி நிறைந்துவிட்டால் குலுக்கல் குறைந்துவிடும். நிற்க இடமில்லை, ஆனால் பயணம் மெத்தென்று இருக்கும். சாலையும் அதே சாலை, வில்லும் அதே வில். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும் என்று கணக்கிட்டுத்தான் பேருந்தின் பட்டை வில்களைச் செய்கிறார்கள். பாரம் இல்லாதபோது அந்த வில் அளவுக்கு மீறி விறைப்பாக இருக்கிறது. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால், பல இளைஞர்கள் பணத்தைக் கொட்டிய பிறகு கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உங்களுக்கு இப்போதே விளங்கிவிடும். புதிதாக ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்களில் பலர் முதல் வேலையாக அதன் வில்களைக் கழற்றிவிட்டு, கடையில் தனியாக விற்கும் குட்டையான, விறைப்பான வில்களைப் போடுகிறார்கள். கார் தரையோடு ஒட்டினாற்போல் நிற்கும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தினமும் வேலைக்குப் போய்வரும் கார் அப்படி நிற்கலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாரத்தால் ஒரு வில் எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுங்கள். அந்தப் பாரம் ஒரு வினாடியில் எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது கிடைக்கும். (உங்கள் பௌதிகப் புத்தகத்துச் சூத்திரத்தில் புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பைப் போட்டுச் சுருக்கினால் இதுதான் வரும்.) 25 செ.மீ. அமுங்கினால் வினாடிக்கு 1 முறை, 11 செ.மீ. என்றால் 1.5 முறை, 6 செ.மீ.க்குச் சற்று மேல் என்றால் 2 முறை. வசதியான கார்களின் ஆட்டம் 1-க்கும் 1.5-க்கும் இடையில் இருக்கும். மனித உடலோ வினாடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான மேல்கீழ் ஆட்டத்தைத்தான் மிகவும் வெறுக்கிறது. குடலும் முதுகெலும்பும் அந்த வேகத்தில் கூடவே ஆடத் தொடங்கிவிடும்.

1,000 கிலோ எடையுள்ள சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மூலைக்கும் 250 கிலோ. இதில் சக்கரம், பிரேக் முதலியவை 30 கிலோ என்று கழித்தால் வில்லின் மேல் உட்காருவது 220 கிலோ. ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ தேவைப்படும் வில்லானால் 11 செ.மீ. அமுங்கும்; ஆட்டம் 1.5. கடையில் ‘8 கிலோ வில்’ என்று பெருமையாகக் காட்டுவார்கள். அது 2.75 செ.மீ. மட்டுமே அமுங்கும்; ஆட்டம் 3! பந்தயத் தளத்துக்கு ஏற்ற எண் அது. ஆலங்குளம் சாலைக்கு ஆகாது. இன்னொன்றையும் கவனியுங்கள். சில கார்களில் வில் சக்கரத்தின் மேல் நேரடியாக நிற்பதில்லை, நெம்புகோல் போன்ற ஒரு கையின் நடுவில் நிற்கிறது. கையின் நீளத்தில் 0.7 பங்கில் வில் இருந்தால், சக்கரம் உணரும் விறைப்பு ஏறக்குறைய பாதிதான். ஆகவே பெட்டியில் அச்சடித்த எண்ணை வைத்து ஒரு காரின் வில்லை மற்றொரு காரின் வில்லோடு ஒப்பிடக் கூடாது.

“விறைப்பாக இருந்தால்தானே வளைவில் கார் சாயாது?” என்று நீங்கள் கேட்கலாம். வழவழப்பான தளத்தில் அது உண்மை. மேடுபள்ளமான சாலையில் மிக விறைப்பான வில் சக்கரத்தைக் கீழே அழுத்திப் பிடிப்பதில்லை. காரையே தூக்கி எறிகிறது. டயர் தரையை விட்டு எழுந்த அந்தக் கணத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. எதிரே பட்டாசுப் பெட்டிகளை ஏற்றிய லாரி வரும் சாலையில் அந்தக் கணம் எவ்வளவு நீளமானது என்று எண்ணிப் பாருங்கள்.

பந்தய உலகமும் இதை அனுபவித்திருக்கிறது. 2022-இல் ஃபார்முலா 1 பந்தயத்துக்குப் புதிய விதிப்படி கார்கள் வந்தன. அடியில் ஓடும் காற்று அவற்றைத் தரையை நோக்கி இழுக்கும். இழுவை குறையாமலிருக்க, காரை மிகத் தாழ்வாகவும் விறைப்பாகவும் அமைத்தார்கள். கார்கள் கடலில் ஓங்கில் மீன் துள்ளுவதைப் போலத் துள்ளின. பாகு நகரத் தெருக்களில் நடந்த பந்தயம் முடிந்ததும் லூயிஸ் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் காரைவிட்டு இறங்கினார். அந்த ஆண்டே துள்ளலுக்கு ஓர் எல்லை விதிக்க வேண்டியதாயிற்று. இதற்கு நேர்மாறாக, 1962-இல் வந்த லோட்டஸ் எலான் என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரில் மென்மையான வில்களே இருந்தன. சாலையைப் பற்றி ஓடுவதில் அதற்கு இன்றும் நல்ல பெயர் உண்டு.

தாழ்த்துவதில் மற்றொரு சிக்கல். சக்கரம் மேலெழும்ப 8 செ.மீ. இடம் இருந்தது என்க. காரை 4 செ.மீ. தாழ்த்தினால் மிச்சம் 4 செ.மீ. வில் விழுங்கும் ஆற்றல் அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பாதி இடத்தில் அதே மேட்டைச் சமாளிக்க நான்கு மடங்கு விறைப்பு வேண்டும். கடை வில்கள் அவ்வளவு விறைப்பாக இருப்பதில்லை. விளைவு, கார் ரப்பர்த் தடையில் ‘டமார்’ என்று மோதும். வில்லின் ஒரு சுற்றை வெட்டியெறிந்து காரைத் தாழ்த்தும் பட்டறைகளும் உண்டு. அது மோசமான வழி. குட்டையாகிவிட்ட வில், சக்கரம் தொங்கும்போது தன் இருக்கையிலிருந்தே நழுவக்கூடும்.

வேகத்தடையைப் பாருங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வகுத்த அளவின்படி, மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்க வேண்டிய வேகத்தடை 3.7 மீட்டர் நீளமும் 10 செ.மீ. உயரமும் உள்ள மெல்லிய வளைவு. 2.3 மீட்டர் சக்கர இடைவெளியுள்ள கார் அதன் மேல் நிற்கும்போது அடிவயிற்றின் இடைவெளியில் 4 செ.மீ. மட்டுமே குறையும், ஏனென்றால் நான்கு சக்கரங்களும் மேட்டிலேயே ஏறி நிற்கின்றன. ஆனால் ஊர்க்காரர்கள் தாமாகவே போட்ட, அரை மீட்டர் நீளம்கூட இல்லாத 12 செ.மீ. மேடு? பன்னிரண்டும் குறைந்துவிடும். 13 செ.மீ. இடைவெளியுள்ள கார் மயிரிழையில் தப்பும். தாழ்த்திய கார் ஊஞ்சல் பலகைபோல் மேட்டின் மேல் உட்கார்ந்துவிடும்.

எதைத்தான் தேர்ந்தெடுப்பது? முதலில் ஷாக் அப்சார்பரைப் பார்க்க வேண்டும் என்பேன். உள்ளே எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு ஓடி, வில்லின் ஆட்டத்தை வெப்பமாக்கிவிடுகிறது. காரின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் சரி. மேலும் மேலும் ஆடினால் அல்லது எண்ணெய் கசிந்திருந்தால், வில்லை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை, தேய்ந்த ஷாக் அப்சார்பர்தான் குற்றவாளி. அதை நல்லதாக மாற்றியதும் பாதிக் காருக்கு இளமை திரும்பிவிடும். அதன் பிறகும் ஆசை தீராவிட்டால், 20 அல்லது 30 சதவிகிதம் மட்டும் விறைப்பு கூடிய வில் போதும்; ஆட்டம் 1.5-லிருந்து 1.7-க்குத்தான் ஏறும். அதற்கேற்ற ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே வாங்க வேண்டும். மரையைத் திருகி உயரத்தை மாற்றும் வகையும் கிடைக்கிறது. நம் கரிசல் புழுதியும் மழைச்சேறும் மரையில் ஏறினால் இறுகிவிடும், அடிக்கடி துடைக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களிலிருந்து வண்டி மாறுபடுமாறு மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. ஆகவே எதைத் தொடுமுன்னும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுவது நல்லது.

பொருத்திய பின் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். பின்பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் முகப்பு விளக்கு மேல்நோக்கி எதிரே வருபவர் கண்ணைக் கூச வைக்கும்; அதையும் இறக்க வேண்டும்.

உங்கள் தெருவில் உள்ள வேகத்தடையை ஒரு கயிறும் அளவுகோலும் கொண்டு, வண்டிகள் வராத நேரம் பார்த்து, பெரியவர் ஒருவர் துணையோடு அளந்து பாருங்கள். நீளமும் உயரமும் கிடைத்ததும், எந்தக் கார் தட்டாமல் போகும், எது தட்டும் என்று வீட்டில் உட்கார்ந்தே தாளில் வரைந்து சொல்லிவிடலாம்.